காலுவாஸ்ல இருந்து குவாங்சோ வரைக்கும்: பிவானி டைரி

வியாழன் ராத்திரி

ஒரு வழியா ஹரியானாவுல இருக்குற பிவானி வந்து சேர்ந்தாச்சு, பாக்ஸர் விஜேந்தர் சிங்கோட ஊர்ப்பக்கம். டெல்லி காஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்டுக்கு விடியக்காலையிலயே போயாச்சு, ஆனா பனிமூட்டம் கொஞ்சம் விலகுற வரைக்கும் பஸ்ஸ எடுக்க மாட்டேன்னுட்டாரு டிரைவர், அப்புறம் பகதூர்கர், ரோத்தக், கலானோர்னு ஊர்ந்து ஊர்ந்து வந்து இறங்கும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரமே தாண்டிடுச்சு. வழி நெடுக ரெண்டு பக்கமும் கடுகு வயல், பனிக்குள்ள மஞ்சளா பூத்துக் கிடக்கு. ரோத்தக்ல வேலை பாக்குற என் காலேஜ் ஃப்ரெண்டு வழியில ஏறிக்கிட்டான். ஹரியான்வி அவனுக்கு தண்ணி பட்ட பாடு, இனிமே பேச்சுவார்த்தை எல்லாம் அவன் பொறுப்பு.

கார் பிடிச்சு வந்திருக்கலாம், வேணும்னேதான் ஹரியானா ரோட்வேஸ் பஸ்ல வந்தேன். விஜேந்தர் சிங்கோட அப்பா மகிபால் சிங் பேனிவால் இதே ரோட்வேஸ்ல டிரைவரா இருந்தவரு. ரெண்டு பசங்க படிப்புக்காகவும் பயிற்சிக்காகவும் ஓவர்டைம் போட்டு வண்டி ஓட்டியிருக்காரு. முதல்ல பாக்ஸிங்குக்கு போனது பெரியவன் மனோஜ், பாக்ஸிங் வச்சே ராணுவத்துல வேலை கிடைச்சுது, அதுக்கப்புறம் தம்பி பயிற்சியை விட்டுடக் கூடாதுன்னு செலவைப் பாத்துக்கிட்டது அண்ணன்தான். இந்தப் பனியில கண்ணாடியை துணியால துடைச்சு துடைச்சு ஓட்டிட்டு வந்த டிரைவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், ஒரு ஒலிம்பிக் மெடலுக்குப் பின்னால இப்படி எத்தனை ட்ரிப் இருந்திருக்கும்னு நெனச்சா மலைப்பா இருக்கு.

ஏன் இந்த ஊருன்னு கேக்குறவங்களுக்கு: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல இந்தியாவுல இருந்து மூணு பாக்ஸர் காலிறுதி வரைக்கும் போனாங்க, அகில் குமார், ஜிதேந்தர் குமார், விஜேந்தர். மூணு பேருமே பிவானி பாக்ஸிங் கிளப், கோச் ஜக்தீஷ் சிங்கோட பசங்க. அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு ஒலிம்பிக் பாக்ஸிங்ல ஒரு மெடல் கூட கிடையாது. அப்பத்துல இருந்து பேப்பர்காரங்க இந்த ஊருக்கு, பாக்ஸிங்குக்குப் பேர் போன கியூபா நாட்டை வச்சு, மினி கியூபான்னு பேரு வச்சுட்டாங்க. உள்ளூர்க்காரங்களுக்கு இது சோட்டி காஷி, அதாவது சின்ன காசி, தெருவுக்குத் தெரு கோயில்.

லாட்ஜ்ல ஹீட்டர் இல்ல, ரஜாய்னு பஞ்சு வச்ச போர்வை ரெண்டு கொடுத்திருக்காங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும்.

வெள்ளி

அஞ்சரைக்கு இருட்டுல நடந்து போனோம். ஊர் ஓரமா ஒரு சின்ன அகாடமி, தகரக் கூரை, ஒரே ஒரு ரிங்கு, பக்கத்துல ட்ராக்டர் டயர் ரெண்டு கிடக்கு. நாப்பது பிள்ளைங்க இருப்பாங்க, பாதிக்கு மேல பொண்ணுங்க. நாங்க போறதுக்கு முன்னாடியே வயல் ரோட்டுல ஓடிட்டு வந்துட்டாங்க, வாயில இருந்து ஆவி பறக்குது, கோச் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு ஒவ்வொருத்தரா வரும்போது பேரைச் சொல்லி டிக் அடிக்கிறாரு. பெஞ்சு ஓரத்துல பன்னெண்டு பதிமூணு வயசுப் பொண்ணு ஒண்ணு கைக்கு பட்டி சுத்திக்கிட்டிருந்துச்சு. கட்டை விரல்ல மாட்டி, மணிக்கட்டுல மூணு சுத்து, அப்புறம் விரல் இடுக்கு ஒவ்வொண்ணா விட்டு எடுத்து, முட்டி மேல பட்டையா மடிச்சு, கடைசி முனையை பல்லால கடிச்சு இழுத்து ஒட்டிடுச்சு. ஒரு தடவை கூட கையைப் பாக்கல, பார்வை பூரா ரிங்குல அக்காவுங்க ஆடுறது மேலயே இருந்துச்சு.

இங்க கோச்சை "குருஜி"ன்னுதான் கூப்பிடுறாங்க, வந்ததும் கால தொட்டுக் கும்பிட்டுட்டுதான் கயிறே எடுக்குறாங்க. அவருகிட்ட இந்த ஊருல பாக்ஸிங் எப்படி வேர் விட்டுச்சுன்னு கேட்டோம், உடனே சுவத்துல மாட்டியிருந்த மாலை போட்ட போட்டோவைக் காட்டினாரு. ஹவா சிங். இந்தப் பேரை நம்ம பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்? 1937ல இந்த பிவானி பக்கத்து உமர்வாஸ் கிராமத்துல பொறந்தவரு, ராணுவத்துல சேர்ந்து பாக்ஸரானவரு, 1966லயும் 1970லயும் பாங்காக்ல நடந்த ரெண்டு ஆசிய விளையாட்டுலயும் ஹெவிவெயிட் தங்கம். பத்து வருஷத்துக்கு மேல தேசிய சாம்பியன் பட்டத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கல. ரிட்டயர் ஆனதும் ஊருக்கே திரும்பி வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாரு, 2000 ஆகஸ்ட்ல, கோச்சுகளுக்குக் கொடுக்குற துரோணாச்சார்யா விருதை வாங்குறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது இறந்துட்டாரு. அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது குருஜிக்கு குரல் கம்மிடுச்சு, என் ஃப்ரெண்டு மொழிபெயர்க்குறதை நிறுத்திட்டான்.

அப்புறம் எடை மிஷின் பக்கம் போனோம். ஒலிம்பிக் மாதிரி போட்டிகள்ல ஆடுற அமெச்சூர் பாக்ஸிங்ல பாதி வாழ்க்கை இந்த மிஷின் மேலதான். ப்ரொஃபஷனல் பாக்ஸிங் மாதிரி ஃபைட்டுக்கு முந்தின நாள் ஒரு தடவை ஏறி இறங்குறதோட முடியாது, போட்டி நடக்கும்போது ஆடுற ஒவ்வொரு நாளும் காலையில எடை காட்டணும். ஒரு பெரிய டோர்னமென்ட்ல ரெண்டு வாரத்துல அஞ்சு ஃபைட்டு ஆடணும்னா, அஞ்சு நாள் காலையிலயும் வயித்தைக் கட்டணும். விஜேந்தர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல 64 கிலோல ஆடினவரு, ஆளு உயரம், உடம்பு வளந்துக்கிட்டே போச்சு, 2006ல 75 கிலோவுக்கு ஏறினாரு. அந்த முடிவுதான் அவரோட கேரியரைக் காப்பாத்துச்சுன்னு குருஜி அடிச்சுச் சொல்றாரு, எனக்கும் அப்படித்தான் படுது.

சனி

இன்னிக்கு காலுவாஸ். பிவானில இருந்து அஞ்சு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோல போயிடலாம். விஜேந்தர் பொறந்த கிராமம், 1985. அவரு வீட்டுப் பக்கம் போய் எட்டிப் பாக்குற ஐடியா எங்களுக்கு இல்ல, அது நல்லாவும் இருக்காது, ஊருக்குள்ள சும்மா நடந்தோம். எருமை, வரட்டி அடுக்கு, வெயில் பட்ட சுவரா பாத்து கயித்துக் கட்டில் போட்டு ஹூக்கா பிடிக்கிற பெரியவங்க. "ராம் ராம் தாவு"ன்னு (தாவுன்னா இங்க பெரியப்பா) என் ஃப்ரெண்டு சொன்னதுதான் தாமதம், உக்காரச் சொல்லி மோர் வந்துடுச்சு, இந்தக் குளிருல மோர் வேண்டாம்னா கேக்குறாங்களா, அடுத்தது கம்பு ரொட்டி, மேல ஒரு கட்டி வெண்ணெய்.

"எங்கேருந்து பேட்டா வர்றீங்க?"

"சென்னைங்க தாவு. விஜேந்தர் ஊரைப் பாக்கணும்னு வந்தோம்."

"அவ்வளவு தூரத்துல இருந்தா! அங்கேயும் அவன் ஆடுறதைப் பாத்தீங்களா?"

பாத்தோம் தாவு. 2008 ஆகஸ்ட் 20. அன்னிக்கு மல்யுத்தத்துல சுஷில் குமார் வெண்கலம் ஜெயிச்ச அதே நாள்லதான் விஜேந்தர் காலிறுதி. எதிர்ல ஈக்வடாரோட கார்லோஸ் கோங்கோரா, இடதுகைக்காரன். 9-4. அரையிறுதிக்குப் போயிட்டாலே மெடல் உறுதி, ஏன்னா ஒலிம்பிக் பாக்ஸிங்ல மூணாவது இடத்துக்குன்னு தனி ஃபைட்டு வைக்கிறது இல்ல, அரையிறுதில தோக்குற ரெண்டு பேருக்குமே வெண்கலம். தாவு அன்னிக்கு நடந்ததைச் சொன்னாரு, கரண்ட் போயிடுமோன்னு பயந்து ட்ராக்டர் பேட்டரியை டிவிக்கு கனெக்ஷன் கொடுத்து ரெடியா வச்சிருந்தாங்களாம், முடிஞ்சதும் நாட்டுச் சக்கரை மூட்டையோட வந்து தெருவுல போறவன் வர்றவன் கைல எல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தாங்களாம்.

ஆனா அந்த நாளுக்கு வர்றதுக்கு முன்னாடி இருக்குற பட்டியலைப் பாக்கணும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், வயசு 18, முதல் ரவுண்ட்லயே துருக்கியோட முஸ்தஃபா கராகொல்லு கிட்ட 20-25னு தோல்வி. 2006 மெல்போர்ன் காமன்வெல்த், ஃபைனல் வரைக்கும் வந்து தென்னாப்பிரிக்காவோட பொங்கானி ம்வெலாசே கிட்ட தோல்வி, வெள்ளி. அதே வருஷம் தோஹா ஆசிய விளையாட்டு, 75 கிலோல அரையிறுதி, எதிர்ல கஜகஸ்தானோட பக்தியார் அர்த்தாயேவ், ஏதென்ஸ்ல தங்கம் வாங்கினது மட்டுமில்லாம அந்த ஒலிம்பிக்கோட சிறந்த பாக்ஸர்னு வால் பார்க்கர் கோப்பையும் வாங்கினவன். அங்கேயும் தோல்வி, வெண்கலம். மேட்ச் மேட்சா இப்படி தோத்து தோத்துதான் ஒரு அமெச்சூர் பாக்ஸர் உலகத்தைத் தெரிஞ்சுக்குறான், ஒவ்வொரு தோல்வியிலயும் ஒரு பெரிய ஆளோட ஒன்பது பத்து நிமிஷம் ஒரே ரிங்குல நின்ன அனுபவம் மிச்சம். தேசிய கோச் குர்பக்ஷ் சிங் சாந்துவும், கியூபாவுல இருந்து வந்த கோச் ஃபெர்னாண்டஸும் அந்த வருஷங்கள்ல பசங்களை வெளிநாட்டுப் போட்டிகளுக்கு விடாம கூட்டிட்டுப் போனதோட பலன்தான் பெய்ஜிங்.

பெய்ஜிங்லயும் சுலபமான ட்ரா இல்ல. முதல் ஃபைட்டு காம்பியாவோட கொடியைத் தூக்கிட்டு வந்த படூ ஜாக், 13-2, அந்த ஆள் பின்னால ப்ரொஃபஷனல்ல உலக சாம்பியனே ஆனான். அடுத்து தாய்லாந்தோட அங்கான், 13-3. அப்புறம் கோங்கோரா. அரையிறுதில கியூபாவோட எமிலியோ கொரேயா, அவனோட அப்பா 1972 மியூனிக் ஒலிம்பிக் சாம்பியன், அதே பேரு. 5-8. அதுல தோல்வி, கழுத்துல வெண்கலம்.

அகிலையும் ஜிதேந்தரையும் விட்டுட்டுப் போக மனசு வரல. அகில் உலக சாம்பியன் செர்கே வொதோபியானோவை 9-9 சமமாகி, ஜட்ஜுங்க கொடுத்த மொத்தக் குத்துகளை எண்ணிப் பாக்குற கவுன்ட்பேக்ல ஜெயிச்ச அந்த ஃபைட்டு, கையைக் கீழ தொங்கவிட்டுக்கிட்டு "வா, அடி பாப்போம்"னு நிக்கிற அந்த ஸ்டைலு, அதை நேர்ல பாத்த மாதிரி இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. காலிறுதில மால்டோவாவோட கோஜான் கிட்ட போயிடுச்சு. ஜிதேந்தர் தாடையில தையலோட இறங்கி ரஷ்யாவோட பலாக்ஷின் கிட்ட 11-15. ஒரே ஒரு ஃபைட்டு ஜெயிச்சிருந்தா இவங்க பேருக்கும் ரோடு, சிலைன்னு எல்லாம் வந்திருக்கும்.

ஞாயிறு

இன்னிக்கு அகாடமியில ஸ்பாரிங் நாள், பயிற்சிக்காக ஒருத்தரோட ஒருத்தர் மோதிப் பாக்குறது. ரிங்கு ஓரத்துல கயித்துக்குப் பக்கத்துலயே உக்கார விட்டாங்க. டிவில பாக்கும்போது கேக்காத சத்தம் ஒண்ணு இருக்கு, குத்து வாங்குறவன் மூக்கு வழியா விடுற மூச்சு, குத்துறவன் பல்லுக்குள்ள விடுற "ஷ்ஷ்". கிளவுஸோட முட்டிப் பக்கம் வெள்ளையா ஒரு பட்டை இருந்தது, பழைய செட்டு. அந்த வெள்ளைப் பகுதி சுத்தமா போய் விழுந்தாதான் பாயின்ட், உள்ளங்கைப் பக்கமோ ஓரமோ பட்டா கணக்கு கிடையாது, இதை ஜட்ஜ் கண்ணுக்குத் தெரிய வைக்கத்தான் அந்தப் பட்டை.

விஜேந்தர் ஆடின காலத்து ஸ்கோரை இந்தக் காலத்துப் பசங்களுக்கு விளக்குறது கஷ்டம்னு குருஜி சொன்னாரு. அப்போ கம்ப்யூட்டர் ஸ்கோரிங். 1988 சியோல் ஒலிம்பிக் ஃபைனல்ல நல்லா ஆடியும் அமெரிக்காவோட ராய் ஜோன்ஸ் ஜூனியர் தோத்துட்டதா ஜட்ஜுங்க சொன்ன அநியாயத்துக்குப் பின்னால வந்த முறை. அஞ்சு ஜட்ஜ் கையில பட்டன், ஒரு குத்துக்கு மூணு ஜட்ஜாவது ஒரே செகண்டுக்குள்ள பட்டன் அமுக்கினாதான் ஒரு பாயின்ட். அதனாலதான் 9-4, 7-0ன்னு கால்பந்து ஸ்கோர் மாதிரி இருக்கும். 2013ல அதைத் தூக்கிட்டு ரவுண்டுல நல்லா ஆடினவனுக்குப் பத்து, மத்தவனுக்குக் கம்மின்னு பத்து பாயின்ட் முறை கொண்டு வந்தாங்க, ஆம்பளைங்க போட்டியில ஹெட்கியரையும் எடுத்துட்டாங்க. ரவுண்டுகளும் மாறிச்சு, பெய்ஜிங்ல ரெண்டு நிமிஷமா நாலு ரவுண்டு, அதுக்கப்புறம் மூணு நிமிஷமா மூணு ரவுண்டு. ஒரே ஆளு இத்தனை விதியையும் பழகிக்கிட்டு ஆடியிருக்காரு.

மத்தியானம் கட்டில்ல வெயில் காய்ஞ்சுக்கிட்டே என் ஃப்ரெண்டு கேட்டான், "மாப்ள, நீ சொல்லு, அவரோட பெஸ்ட் ஃபைட்டு எது? பெய்ஜிங்தானே?"

இல்லடா. என்னைக் கேட்டா குவாங்சோ.

கதை மிலான்ல ஆரம்பிக்குது. 2009 உலக சாம்பியன்ஷிப், அரையிறுதி, உஸ்பெகிஸ்தானோட அப்பாஸ் அத்தோயேவ். 3-7. வெண்கலம், ஆனாலும் உலக சாம்பியன்ஷிப்ல அது இந்திய ஆம்பளைங்க அதுவரைக்கும் பாக்காத உயரம், அந்தச் செப்டம்பர்லயே மிடில்வெயிட்ல உலக நம்பர் 1 ரேங்க்கும் வந்துடுச்சு. அத்தோயேவ் அங்க தங்கம். அடுத்த வருஷம் அக்டோபர், டெல்லி காமன்வெல்த், தல்கதோரா ஸ்டேடியம், சொந்த ஜனங்க முன்னாடி அரையிறுதி, இங்கிலாந்தோட ஆன்டனி ஒகோகோ. கடைசி ரவுண்டு வரைக்கும் விஜேந்தர் முன்னால, அப்போ பிடிச்சு வச்சதுக்கு ரெஃப்ரி ரெண்டு தடவை வார்னிங் கொடுக்க, வார்னிங்குக்கு ரெண்டு பாயின்ட்னு எதிராளிக்குப் போக, 3-4. இந்தியா அப்பீல் பண்ணியும் ஒண்ணும் ஆகல. இன்னிக்கு யோசிச்சாலும் எனக்கு அது ஆறல, விதிப்படி சரின்னு சொல்றவங்க சொல்லட்டும், ஆடினவன் வாங்காத குத்துக்கு தோத்த மாதிரிதான் எனக்குத் தெரியுது.

அதுல இருந்து ஒரு மாசம் சொச்சம். நவம்பர் 2010, குவாங்சோ ஆசிய விளையாட்டு, ஃபைனல். எதிர்ல அதே அத்தோயேவ், நடப்பு உலக சாம்பியன். 7-0. உலக சாம்பியனை மூணு ரவுண்டுலயும் ஒரு பாயின்ட் கூட எடுக்க விடல! இடது கையை நீட்டி நீட்டி தூரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, அவன் உள்ள வரும்போதெல்லாம் ஒரு அடி பின்னால போய் நேரா ஒண்ணு வச்சு, அவசரமே படாம ஆடின ஆட்டம். ஹவா சிங்கோட ரெண்டு தங்கத்துக்கு நாப்பது வருஷம் கழிச்சு அதே பிவானிக்கு இன்னொரு ஆசிய தங்கம், அதே போட்டியில இதே பக்கத்துப் பையன் விகாஸ் கிருஷனும் 60 கிலோல தங்கம்.

இதை எல்லாரும் மறந்துட்டு பெய்ஜிங்கை மட்டும் பேசுறது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. பெய்ஜிங் மெடல் இந்தியாவுக்கு முதல் மெடல், அதோட பெருமை வேற. ஆனா ஒரு பாக்ஸரா அவர் எந்த அளவுக்கு வளந்தாருன்னு தெரியணும்னா மிலான்ல தோத்த அதே ஆளை குவாங்சோவுல என்ன பண்ணாருன்னு பாக்கணும்.

அத்தோயேவ் அதோட விடல. 2012 லண்டன். விஜேந்தருக்கு முதல்ல கஜகஸ்தானோட சுஜானோவ், 14-10. அப்புறம் அமெரிக்காவோட டெரல் காஷா, 16-15, ஒத்தைப் பாயின்ட்ல மூச்சு திரும்பிச்சு. காலிறுதில திரும்பவும் அத்தோயேவ். 13-17. அங்க தோத்தது ரெண்டாவது மெடல். அந்த 75 கிலோல வெண்கலம் வாங்கினது யாரு தெரியுமா? அத்தோயேவும், டெல்லில 3-4ல ஜெயிச்ச ஒகோகோவும். "யப்பா"ன்னு தலையில கை வச்சுட்டான் என் ஃப்ரெண்டு. நாலு வருஷத்துல மிலான், டெல்லி, குவாங்சோ, லண்டன்னு இந்த மூணு பேரும் மாறி மாறி ஒருத்தர் வழியில ஒருத்தர் வந்து நின்னிருக்காங்க. காசுக்கு ஆடுறவன் எதிராளியைத் தேடி ஒப்பந்தம் போடலாம், பிடிக்காதவனைத் தவிர்க்கலாம். அமெச்சூருக்கு அது கிடையாது, சீட்டு குலுக்கி வர்றவன்தான் எதிராளி, மனசுல வஞ்சம் வச்சுக்கவும் நேரம் கிடையாது, அடுத்த நாள் காலையில எடை மிஷின் காத்துக்கிட்டிருக்கும்.

கடைசியா 2014 கிளாஸ்கோ, காமன்வெல்த் ஃபைனல், இங்கிலாந்தோட ஆன்டனி ஃபௌலர் கிட்ட தோல்வி, வெள்ளி. அடுத்த வருஷம் ப்ரொஃபஷனல் ஆயிட்டாரு. அந்தக் கணக்கு வேற, இந்த டைரில அது வேண்டாம்.

திங்கள்

கிளம்புற நாள். காலையில இன்னொரு தடவை அகாடமி. பட்டி சுத்தின அந்தப் பொண்ணு இன்னிக்கு ரிங்குக்குள்ள, தன்னை விட ஒரு தலை உயரமான பையனோட. குருஜி கத்திக்கிட்டே இருந்தாரு, "கை மேல! கை மேல!" இடது தோள்ல ரெண்டு வாங்கிச்சு, மூணாவது வரும்போது குனிஞ்சு உள்ள புகுந்து வயித்துல ஒண்ணு வச்சுது பாருங்க, சுத்தி நின்ன எல்லாரும் "வாஹ்"னு ஒரே குரல்ல.

இந்த ஊரு கதை இப்போ பொண்ணுங்க கைலதான் இருக்கு. பூஜா ராணி 2021ல துபாய்ல ஆசிய சாம்பியன், டோக்கியோல காலிறுதி. தனானா கிராமத்து நீத்து கங்காஸ் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் தங்கம், அடுத்த வருஷம் டெல்லில 48 கிலோ உலக சாம்பியன். நீத்துவோட அப்பா பொண்ணோட பயிற்சிக்காக சண்டிகர்ல இருந்த வேலைக்கு சம்பளமில்லா லீவு போட்டுட்டு கூடவே நின்னவரு. மகிபால் சிங்கோட ஓவர்டைம், இவரோட லீவு, ரெண்டும் ஒரே பாசம்தான். 2025 லிவர்பூல்ல ஜாஸ்மின் லம்போரியா 57 கிலோல உலக சாம்பியன், அதுவும் பிவானி. ஆம்பளைங்க பக்கம் விஜேந்தருக்கு அப்புறம் இன்னும் ஒலிம்பிக் மெடல் வரல, 2024 பாரிஸ்ல கர்னால் பையன் நிஷாந்த் தேவ் காலிறுதில மெக்ஸிகோவோட மார்கோ வெர்தே கிட்ட நூலிழையில விட்டான், அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

குருஜி டீ குடிக்காம விட மாட்டேன்னுட்டாரு. எருமைப் பால், இஞ்சி, தம்ளர் நிறைய சக்கரை. பசங்களுக்கு என்ன தேவைன்னு கேட்டதுக்கு யோசிக்காம சொன்னாரு, "ஹெட்கியர். அளவு சின்னது. பெரியவங்களோடதை பிள்ளைங்க போட்டா கண்ணை மறைக்குது." சென்னை போனதும் அனுப்பி வைக்கிறதா சொல்லியிருக்கேன், எங்க காலேஜ் வாட்ஸாப் குரூப்ல இப்பவே பேச்சை எடுத்தாச்சு, ரெண்டு பேரு காசு போட்டும் விட்டுட்டாங்க.

போக ஆசை இருக்குறவங்களுக்கு: டெல்லி காஷ்மீரி கேட்ல இருந்து பிவானிக்கு நேர் பஸ் இருக்கு, ரோத்தக் வழி ட்ரெயினும் இருக்கு. டிசம்பர் ஜனவரில பனியால எல்லாமே லேட்டாகும், பிப்ரவரி கடைசி நல்ல நேரம். எந்த அகாடமிக்குப் போனாலும் முந்தின நாளே கோச்சுக்கிட்ட கேட்டுக்கோங்க, பிள்ளைங்களை போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியும் கேளுங்க. காலையில அஞ்சரைக்கு அங்க இருக்கணும், எட்டு மணிக்கெல்லாம் எல்லாரும் ஸ்கூலுக்குக் கிளம்பிடுவாங்க.